கடலொலியை ஏந்தும் நினைவட்டை

திருகோணமலைத் துறைமுகத்தின் சிறப்பு அதன் ஆழத்தில் இருக்கிறது. கோணேசர் கோயில் நிற்கும் குத்துப்பாறையின் மேலிருந்து கிழக்கே நோக்குவோர் காண்பது நீலப்பரப்பு ஒன்றே. ஆயினும், அப்பரப்பின் கீழே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கொட்டியாரக் குடாவிலிருந்து ஆழ்கடலை நோக்கி இறங்கிச் செல்கிறது. கரைக்கு இத்துணை அருகில் இத்துணை ஆழம் அமைந்திருப்பதாலேயே, பிற இடங்களில் நெடுந்தொலைவு கடலோடித் தேடவேண்டிய திமிங்கிலங்கள் இங்கே மார்ச் முதல் ஆகஸ்ட் வரையுள்ள மாதங்களில் கரைக்கு அண்மையில் வந்து போகின்றன. 1980களின் முற்பகுதியில் 'தூலிப்' என்னும் பாய்க்கப்பலில் வந்த ஆராய்ச்சியாளர், இக்கடலில் நீலத்திமிங்கிலத்தையும், பெருத்த தலையுடைய எண்ணெய்த் திமிங்கிலத்தையும் கண்டு ஆராய்ந்து, அவற்றின் ஒலிகளையும் பதிவு செய்தனர். அக்காலத்தில் ஒலியைப் பிடித்து வைத்தது காந்த நாடா. நாடா தீர்ந்ததும் மாற்றுவதற்கு அருகில் ஓர் ஆள் இருந்தாக வேண்டும்.

இன்று அந்த ஆள் வேண்டியதில்லை. நீர் புகாத பேழை ஒன்றில் ஒலிவாங்கியையும், பற்றரியையும், உள்ளங்கையிற் பாதியளவான மின்பலகையையும் வைத்து, கல்லைக் கட்டிக் கடலடியில் இறக்கிவிட்டு வந்துவிடலாம். வாரங்கள் கழித்து அதனை மேலே எடுத்தால், பலகையின் ஓரத்திலே செருகப்பட்டிருக்கும் நகத்தளவான அட்டைக்குள் கடல் அந்நாள்வரை பேசிய பேச்செல்லாம் அடங்கியிருக்கும். அடங்கியிருக்க வேண்டும் என்பதே சரி. அடங்காமற் போவதும் உண்டு. பலகையில் உள்ள சிறு மூளையும் அட்டையும் ஒன்றோடொன்று எவ்வாறு இணைக்கப்பட்டன என்பதை அது பெரிதும் பொறுத்திருக்கிறது.

அந்தச் சிறு மூளையை நுண்கட்டுப்படுத்தி என்பர். கணிப்பதற்கான பகுதி, ஓரளவு நினைவகம், வெளியுலகத்தோடு தொடர்பு கொள்ளும் கால்கள் ஆகிய அனைத்தும் ஒரே சில்லில் அமைந்திருப்பது அதன் இலக்கணம். சலவை இயந்திரத்திலும் மின்மானியிலும் இருப்பது இதுவே. மலிவானது, மிகக் குறைந்த மின்னை உண்பது. அதன் குறை ஒன்றே: ஞாபகம் சிறிது. பாடசாலைகளிலே மாணவர் பழகும் ஆடுயினோப் பலகைகள் பலவற்றில் உள்ள ஏ.ரி.மெகா 328 என்னும் சில்லில், ஓடிக்கொண்டிருக்கும் வேலைக்கென உள்ள நினைவகம் 2,048 பைற்றுகள் மட்டுமே. ஒரு பைற்று ஓர் எழுத்துக்குச் சமம் என்று கொண்டால், அது ஒரு கடிதத்தின் அளவு. மின் நின்றால் அக்கடிதமும் அழிந்துபோகும்.

நினைவட்டை இதற்கு நேர்மாறானது. ஊரில் 'மெமரி காட்' என்று கேட்டு வாங்கும் இதன் அடிப்படை, பிளாஷ் நினைவகம். ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய பூஜியோ மசுவோக்கா என்பவர் இதனைக் கண்டு 1984 ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். இன்று அட்டைகளில் உள்ள வகை 1987 இல் வெளிப்பட்டது. மின் நின்றாலும் எழுதியது நிற்கும். ஆயினும், இதிலே ஓர் எழுத்தை மட்டும் அழித்துத் திருத்த இயலாது. பெரும்பகுதி ஒன்றை முழுதும் அழித்தே மீண்டும் எழுத வேண்டும். இந்தத் தொல்லை வெளியே தெரியாதவாறு மறைப்பதற்காக, ஒவ்வோர் அட்டைக்குள்ளும் தனியே ஒரு கட்டுப்படுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்போருக்கு அட்டை என்பது 512 பைற்றுகள் கொண்ட கட்டங்களின் வரிசை, அவ்வளவே. ஆகவே இணைப்பு என்பது மூளைக்கும் சேமிப்புக்கும் இடையே மட்டும் நிகழ்வதன்று, இரண்டு மூளைகளுக்கு இடையே நிகழும் உரையாடல் என்பது பொருந்தும். தன் வேலையில் ஆழ்ந்திருக்கும் அந்த இரண்டாவது மூளை, 'சற்றுப் பொறு' என்று சொல்லும் உரிமையும் உடையது. இதை மறந்தவர் அமைத்த கருவிகளே பெரும்பாலும் கடலில் ஏமாற்றியிருக்கின்றன.

இணைக்கும் வழிகள் இரண்டு. முதலாவது, வெளிப்பாட்டை வழி. ஆங்கிலத்தில் 'பஸ்' என வழங்குவதைத் தமிழ் நூல்கள் பாட்டை என்று பெயர்த்திருக்கின்றன. வண்டியின் பெயரை விட்டு வழியின் பெயரைக் கொண்டமையால், தமிழ்ச்சொல்லே பொருளைத் தெளிவாகக் காட்டுகிறது. சில நுண்கட்டுப்படுத்திகள் தம் கால்களிற் பலவற்றை ஒதுக்கி, வெளியில் உள்ள நினைவகத்தையும் தம் உள்நினைவகம் போலவே ஆளும்படி அமைக்கப்பட்டுள்ளன. 1980 ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட 8051 குடும்பம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதிலே எட்டுக் கால்கள் முதலில் முகவரியின் கீழ்ப்பாதியைச் சொல்லும். ஒரு தாழ்ப்பாள் சில்லு அதனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பின்னர் அதே எட்டுக் கால்களில் தரவு பாயும். வேறு எட்டுக் கால்கள் முகவரியின் மேற்பாதியைத் தாங்கும். 'படி' என்பதற்கு ஒன்று, 'எழுது' என்பதற்கு ஒன்று என மேலும் இரண்டு. ஆக, உள்ள முப்பத்திரண்டு துறைக்கால்களில் பதினெட்டு இப்பணிக்கே போய்விடும். பதினாறு முகவரிக் கம்பிகள் இருப்பதால் 65,536 இடங்களைச் சுட்டலாம்.

இந்தப் பாட்டையில் நேரே ஏறி அமரத்தக்கதாகப் பிறந்தது, 1994 இல் சான்டிஸ்க் நிறுவனம் வெளியிட்ட கொம்பக்ட் பிளாஷ் அட்டை. ஐம்பது துளைகள் கொண்டது. அதன் முகவரிக் கம்பிகள் பதினொன்று எனினும், மூன்றே போதும். காரணம் யாதெனில், அட்டையின் கொள்ளளவு முழுவதும் முகவரிகளாக விரிந்து கிடப்பதில்லை. எட்டுச் சிறு பதிவேடுகள் மட்டுமே வெளியே தெரிகின்றன. எத்தனையாவது கட்டம் என்பதைச் சில பதிவேடுகளில் எழுதி, கட்டளையை ஒன்றில் எழுதி, பின் தரவுப் பதிவேடு ஒன்றின் வழியாக 512 பைற்றுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளவேண்டும். துறைமுகக் கிட்டங்கி எவ்வளவு பெரிதானாலும், அலுவலகச் சாளரங்கள் எட்டுத்தான் என்பது போல.

பாட்டை இல்லாத கட்டுப்படுத்தியோடும் இதே அட்டையை இணைக்கலாம். பாட்டை தானாகச் செய்ததைச் செய்நிரல் கையாற் செய்யும்: முகவரிக் கால்களை உயர்த்தித் தாழ்த்தி, தரவுக் கால்களில் எண்ணை வைத்து, 'எழுது' என்னும் காலைத் தாழ்த்தி மீண்டும் உயர்த்தும். ஒரே கட்டளையில் முடிந்த வேலைக்குப் பல கட்டளைகள் வேண்டும். மெதுவே எனினும் குற்றமில்லை. கால்கள் மட்டும் ஏறத்தாழ அத்தனையும் செலவாகும்.

இரண்டாவது வழி, கம்பிகளைக் குறைத்து வரிசையிற் பேசுவது. 1997 இல் சீமென்ஸ், சான்டிஸ்க் நிறுவனங்கள் வெளியிட்ட மல்ரிமீடியா அட்டையும், அதன் வழியில் 1999 இல் சான்டிஸ்க், மட்சுஷிட்டா, தோஷிபா ஆகிய மூன்றும் சேர்ந்து அறிவித்த எஸ்.டி. அட்டையும் இதற்கு இடமளித்தன. எஸ்.பி.ஐ. எனப்படும் இம்முறையில் நான்கே கம்பிகள்: தாளம் போடுவதற்கு ஒன்று, சொல்வதற்கு ஒன்று, கேட்பதற்கு ஒன்று, 'உன்னோடுதான் பேசுகிறேன்' என்று அட்டையைத் தொட்டு அழைப்பதற்கு ஒன்று. ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு பிற்று நகரும். மிகச் சிறிய கட்டுப்படுத்தியிலும் நான்கு கால்கள் இல்லாமற் போகா.

இம்முறையின் தொடக்கச் சடங்கு சற்று நுணுக்கமானது. மின் கொடுத்தவுடன், அழைக்கும் கம்பியை உயர்த்தியே வைத்து, குறைந்தது எழுபத்து நான்கு தாளங்கள் போடவேண்டும். தாளத்தின் வேகம் செக்கனுக்கு நான்கு இலட்சத்தைத் தாண்டலாகாது. பின்பு அழைக்கும் கம்பியைத் தாழ்த்திச் சுழியாம் கட்டளையை அனுப்பினால், அட்டை 'ஒன்று' என மறுமொழி தரும். தூங்கி விழித்தேன் என்பது அதன் பொருள். எட்டாம் கட்டளையால் மின்னழுத்தம் ஒத்துக்கொள்ளப்படும். இவ்விரு கட்டளைகளுக்கு மட்டும் சரிபார்ப்பு எண் பிழையின்றி இருக்கவேண்டும். அதன்பின் அட்டை அதைப் பொருட்படுத்துவதில்லை. இறுதியாக, 'ஆயத்தமா?' என்னும் வினாவை மறுமொழி சுழியாகும்வரை திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். அதற்குப் பின்னரே தாளத்தை விரைவுபடுத்தலாம். 'என் அட்டை பேசவில்லை' என்று முறையிடும் மாணவரில் பலர், முதல் எழுபத்து நான்கு தாளங்களை விட்டவராகவோ, எடுத்த எடுப்பிலே விரைந்தவராகவோ இருப்பர். இன்னொரு சாரார் அட்டையைச் சுட்டே விட்டவர். எஸ்.டி. அட்டைக்கு உகந்தது 2.7 முதல் 3.6 வோல்ற்று வரை. பாடசாலைப் பலகைகளிற் பல ஐந்து வோல்ற்றில் இயங்குவன. இடையிலே அழுத்தத்தை இறக்கும் சில்லு ஒன்றை வைக்காமல் நேரே இணைப்பது, மெலிந்த கொடியிற் கல்லைத் தொங்கவிடுவதை ஒக்கும்.

இவ்விரு வழிகளுக்கும் நடுவே ஒன்றுண்டு. எஸ்.டி. அட்டையின் சொந்த மொழியிலே நான்கு தரவுக் கம்பிகளால் பேசுவதற்கென்றே தனிப்பகுதி கொண்ட கட்டுப்படுத்திகள் இன்று மலிந்திருக்கின்றன. விரைவு வேண்டுவோர் அதனைக் கொள்வர்.

நான்கு கம்பியே போதுமாயின், பதினெட்டுக் கால்களைப் பறிகொடுக்கும் வெளிப்பாட்டை இனி எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். இதற்கு விடை கிண்ணியாவில் இருக்கிறது.

2009 ஆம் ஆண்டிலே பாலம் திறக்கப்படும் வரையில், திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்குச் சென்றோர் ஊரார் 'பாதை' என்று அழைத்த மிதவையில் வாகனங்களோடு ஏறிக் கடந்தனர். பாதை இக்கரையில் நிற்கும்போது வருவோருக்குத் தடையில்லை. அது அக்கரைக்குப் போயிருக்கும் வேளையில் வருவோர் காத்து நிற்க வேண்டும். காத்து நிற்க இடம் இருந்தால் யாதொரு நட்டமும் இல்லை. இடம் இல்லையேல்? மனிதராயின் வீதியில் நிற்பர். ஒலி நிற்காது, அந்தக் கணத்திலே மறைந்து போகும்.

நினைவட்டையும் இந்தப் பாதை போன்றதே. ஒரு கட்டத்தைப் பெற்றுக்கொண்டதும் அது உள்ளே பழைய பகுதியை அழித்து, ஒழுங்குபடுத்தி, எழுதும். அதுவரை 'வேலையாக இருக்கிறேன்' என்று கேட்கும் கம்பியைத் தாழ்த்தி வைத்திருக்கும். வழக்கமாக இது கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைவு. எப்போதோ ஒரு முறை நீளும். அட்டைக்கான விதிகள் கால் செக்கன்வரை, அஃதாவது ஆயிரத்தில் 250 பங்குவரை, பொறுத்திருக்குமாறு சொல்கின்றன. இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

எண்ணெய்த் திமிங்கிலம் எழுப்புவது தட்டொலி. செக்கனுக்கு இருபதாயிரம் அதிர்வுகள் வரை அதில் உண்டு. ஓர் ஒலியை எண்களாக்க, அதன் அதிர்வைப்போல் இரு மடங்குக்கு மேற்பட்ட முறை அளக்கவேண்டும் என்பது விதி. ஆதலால் செக்கனுக்கு 48,000 அளவுகள். அளவுக்கு இரண்டு பைற்று. ஆக 96,000 பைற்றுகள். அட்டை கால் செக்கன் பேசாதிருந்தால், அதற்குள் 24,000 பைற்றுகள் வந்து கரையிலே குவியும். 2,048 பைற்று ஞாபகம் உடைய சில்லு, ஆயிரத்தில் 21 பங்கு நேரத்திலேயே நிரம்பி வழிந்துவிடும். கருவி கெட்டது என்று எவருக்கும் தெரியாது. கோப்பு ஒழுங்காகவே இருக்கும். இடையிடையே சில தட்டொலிகள் மட்டும் காணாமற் போயிருக்கும். தட்டொலிகளின் இடைவெளியை எண்ணியே அவ்விலங்கு இரையை நெருங்குகிறதா என்பதை ஆராய்ச்சியாளர் கணிப்பதால், இத்தகைய மறைந்த பிழை வெளிப்படையான அழிவைவிடக் கொடிது.

வெளிப்பாட்டையின் பயன் இங்கேதான். அட்டையை அதில் ஏற்ற வேண்டியதில்லை. காத்திருக்கும் கிட்டங்கியாக ஒரு நினைவகச் சில்லை அதில் ஏற்றலாம். பிரித்தானியாவில் சவுதாம்ரன், ஒக்ஸ்போட் பல்கலைக்கழகங்களைச் சார்ந்தோர் ஆக்கிய 'ஓடியோமொத்' என்னும் சிறு ஒலிப்பதிவுக் கருவி இவ்வாறே அமைந்தது. அதன் கட்டுப்படுத்தியின் உள்நினைவகம் 32 கிலோபைற்று, வெளிப்பாட்டையில் ஏறிய நினைவகம் 256 கிலோபைற்று, அட்டையோ எஸ்.பி.ஐ. கம்பிகளில். வௌவாலின் ஒலியையும் பிடிப்பதற்காகச் செக்கனுக்கு 3,84,000 முறைவரை அளக்கவல்லது. அவ்வேகத்தில் உள்நினைவகம் மட்டும் இருந்தால் ஆயிரத்தில் 43 பங்கு நேரமே தாங்கும். கிட்டங்கி சேர்ந்தமையால் செக்கனில் மூன்றிலொரு பங்கு தாங்குகிறது. அட்டையின் கால் செக்கன் மௌனத்தைக் கடக்க அது போதும். அதன் நீரடி வடிவம் 'ஹைட்ரோமொத்' எனப் பெயர் பெற்றுள்ளது. வெளிப்பாட்டையா, தனிக்கம்பியா என்று வழக்காடுவோர், ஒரே பலகையில் இரண்டையும் தத்தமக்குரிய இடத்தில் வைத்த இந்த அமைப்பைப் பார்ப்பது நன்று.

நீலத்திமிங்கிலத்தின் கதை வேறு. உலகிலேயே பெரிய விலங்காகிய அதன் குரல் மிகத் தாழ்ந்தது. இலங்கைக் கடலில் கேட்கும் அதன் பாடலின் அதிர்வு பெரும்பாலும் செக்கனுக்கு ஏறத்தாழ 110க்கு உட்பட்டது. ஆயிரம் அளவுகள் எடுத்தாலே தாராளம். செக்கனுக்கு 2,000 பைற்று. அட்டை கால் செக்கன் மறைந்தாலும் சேர்வது 500 பைற்று. அந்தக் கடிதம் அளவான ஞாபகமே காத்து நிற்கும் இடமாகிவிடும். வெளிப்பாட்டை வேண்டியதில்லை. ஒரு நாளுக்கு 17 கோடியே 28 இலட்சம் பைற்றுகள் என்று பெருக்கிப் பார்த்தால், 32 கிகாபைற்று அட்டை ஒன்று 185 நாள் தாங்கும். மார்ச் முதலாம் நாள் தொடங்கி ஆகஸ்ட் முப்பத்தோராம் நாள்வரை 184 நாள். கடலே கணக்குப் பார்த்துப் பருவத்தை வகுத்தது போல, ஒரு நாள் மிஞ்சுகிறது! எண்ணெய்த் திமிங்கிலத்துக்கோ அதே அட்டை நான்கு நாளைக்கும் போதாது.

ஆயினும், பற்றரி 184 நாள் தாங்குமா என்பது வேறு வினா. எழுதும்போது அட்டை நூறு மில்லியம்பியர்வரை உண்ணலாம். ஓய்ந்திருக்கும்போது மிகச் சிறிதே உண்ணும். ஆகவே அதனை அடிக்கடி எழுப்பாதிருப்பதே சிக்கனம். 256 கிலோபைற்றுக் கிட்டங்கி இருந்தால், நீலத்திமிங்கிலத்தின் ஒலியை இரண்டு நிமிடத்துக்கு மேலாகச் சேர்த்து வைத்து, ஒரே மூச்சில் அட்டைக்கு அனுப்பலாம். விரைவுக்காகத் தேவைப்படாத வெளிநினைவகம் சிக்கனத்துக்காகத் தேவைப்படுகிறது.

சேர்த்து வைப்பதிலும் ஒரு கேடு உண்டு. இதனைத் துறைமுகத்தின் கடல்மட்டத்தை அளக்கும் கருவி ஒன்றைக் கொண்டு விளக்கலாம். திருகோணமலையில் ஏற்றவற்றத்தின் வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. நிமிடத்துக்கு ஓர் எண், அஃதாவது இரண்டு பைற்று, போதும். ஒரு நாளுக்கு 2,880 பைற்று. இதற்கு வெளிப்பாட்டை வேண்டும் என்பார் எவருமிலர். ஆயினும் அட்டை 512 பைற்றுகள் கொண்ட கட்டமாகவே கொள்ளும். ஒரு கட்டம் நிரம்ப 256 நிமிடங்கள், அஃதாவது நான்கு மணி பதினாறு நிமிடம் ஆகும். அதுவரை அளவுகள் மின்னை நம்பியிருக்கும் சிறு ஞாபகத்தில் தங்கும். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் காலையில் கிழக்குக் கரையை ஆழிப்பேரலை தாக்கியது. அன்று அதிகாலை ஐந்தரை மணிக்குப் புதிய கட்டம் ஒன்றைத் தொடங்கிய இத்தகைய கருவி இறங்குதுறையில் இருந்ததாகவும், அலை அடித்த கணத்திலே அதன் மின் அறுந்ததாகவும் கொள்வோம். அட்டையை மீட்டு எடுத்தால், அதிலே ஐந்தரை மணிவரையுள்ள அமைதியான கடல் மட்டுமே இருக்கும். ஊர் அறிய விரும்பிய அந்த நிமிடங்கள் அட்டைக்குப் போய்ச் சேர்ந்திரா.

ஒவ்வொரு நிமிடமும் அட்டையில் எழுதிவிட்டால் என்ன? எழுதலாம். ஆனால் அட்டையிலே தரவு வேறு, தரவு எங்கே இருக்கிறது என்னும் அட்டவணை வேறு. கோப்பின் நீளம் அட்டவணையில் ஏறுவது, கோப்பை மூடும்போதோ, 'இப்போதே பதி' என்று ஆணையிடும்போதோதான். தரவை மட்டும் எழுதி அட்டவணையை விட்டால், பின்னர் கணினியிலே திறப்பவர் வெறுமையான கோப்பைக் காண்பார். நிமிடந்தோறும் இரண்டையும் எழுதினால், இரண்டு பைற்றுக்காகப் பல கட்டங்கள் மீண்டும் மீண்டும் எழுதப்பட்டு, பற்றரியும் தேயும், அட்டையும் தேயும். எழுதிக்கொண்டிருக்கும்போதே மின் அறுந்தால் அட்டவணையே குலையவும் கூடும். அப்போது பழையதும் எட்டாது.

இதற்கு எளிய மாற்று அந்தச் சிறு சில்லுக்குள்ளேயே இருக்கிறது. ஏ.ரி.மெகா 328 இல் மின் நின்றாலும் அழியாத 1,024 பைற்று ஈப்ரொம் நினைவகம் தனியே உண்டு. அதன் ஒவ்வோர் இடமும் ஓர் இலட்சம் முறை எழுதப்படலாம். நிமிடந்தோறும் வரும் எண்ணை அதன் ஒரு பாதியிலே வரிசையாக எழுதி, 512 பைற்று நிறைந்ததும் அட்டைக்கு மாற்றி, மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். ஓர் இடம் நான்கு மணி பதினாறு நிமிடத்துக்கு ஒரு முறையே எழுதப்படுவதால், இலட்சம் முறை முடிய நாற்பத்தெட்டு ஆண்டு செல்லும். இறங்குதுறையில் மின் அறுந்து, பேழை மணலுக்குள் புதைந்து, ஒரு மாதம் கழித்துத் தோண்டி எடுக்கப்பட்டாலும், நீர் புகாதிருந்தால், கடைசியாக அளந்த நிமிடம்வரை அதில் இருக்கும்.